கரந்துறையும் பகை: இல்லங்களில் கரப்பான் ஒழிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. இசையும் நாடகமும் மொழியின் ஏற்றமும் பேசப்பெறுதல் மரபு. அம்மேடையில் கரப்பான் பூச்சியைப் பற்றிப் பேச நாம் எழுந்து நிற்பது கண்டு சிலர் முகத்தில் முறுவல் தோன்றுகிறது. முறுவல் நன்று. ஆயினும் இங்குக் கூடியுள்ளோர் இல்லங்களுள் கரப்பான் நுழையாத இல்லம் எது என்று வினவினால், அம்முறுவல் சற்றே தயங்கும். வாளையாறு, கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை எனப் பாலக்காட்டு எல்லையோரத்தில் வாழ்வோர் நம்முள் உளர். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை என இடுக்கி மலைகளில் வாழ்வோரும் உளர். இவர்தம் தொழில் வேறு, தட்பவெப்பம் வேறு. இரவில் சமையலறை விளக்கைப் போட்டதும் ஓடி மறையும் உருவம் மட்டும் இரு திறத்தார்க்கும் பொதுவாக இருக்கிறது.

கரத்தல் என்னும் சொல்லுக்கு மறைதல் என்பது பொருள். சொல்லாராய்ச்சி வல்லார் எவ்வாறு முடிவு கூறினும், கரந்துறையும் இப்பூச்சிக்குக் கரப்பான் என்னும் பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது. நம் பாட்டிமார் இதனைப் பாச்சை என்றனர். நம் மலையாள அண்டை வீட்டார் ‘பாற்ற’ என்பர். ‘கூற’ என்றும் வழங்குவர். பெயர் எதுவாயினும் குணம் ஒன்றே. அது மறைந்து வாழ்கிறது. வெட்கத்தினால் நாமும் அதனை மறைக்கிறோம். இவ்விரு மறைவும் நீங்கினாலன்றிக் கரப்பான் நம் வீட்டை விட்டு நீங்காது. நாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. எஞ்சியவை அதன் விளக்கம்.

முதலில் வெட்கத்தைப் பார்ப்போம். கரப்பான் உள்ள வீடு அழுக்கு வீடு என்பது ஊரார் தீர்ப்பு. அத்தீர்ப்பு பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. ஆதலால் எவரும் வாய் திறப்பதில்லை. திறந்தால், பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்பர். பக்கத்து வீட்டார் அதற்கடுத்த வீட்டைக் காட்டுவர். இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்தார் அனைவர்க்கும் உரியது. சமையலறையில் திரியும் சிறு கரப்பானுக்கு ஜெர்மன் கரப்பான் என்று பெயர். ருஷ்யரும் அதனைப் பிரஷ்யாக்காரன் என்றே அழைத்தனர். ஜெர்மானியரோ அதனை ருஷ்யன் என்றனர்! லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1767 இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபொழுது ஜெர்மனியின் பெயரையே வைத்துவிட்டார். உண்மையில் அது எங்கே தோன்றியது? 17 நாடுகளிலிருந்து திரட்டிய 281 கரப்பான்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2024 இல் வெளிவந்த ஆராய்ச்சி, அது ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ பர்மாவிலோ தோன்றியது என்று கூறுகிறது. அங்கிருந்து மேற்கே அரபு நாடுகளுக்குச் சென்று, பின் ஐரோப்பியர் வாணிகத்தோடு உலகெங்கும் பரவியதாம். பெரிய கரப்பானுக்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர்; அதன் தாயகம் ஆப்பிரிக்கா. கப்பல் ஏறியே அது அமெரிக்காவை அடைந்தது. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தோர் மீது பழி சுமத்துவது எளிது என்பதை எல்லையோரத்தில் வாழும் நாம் அறியாதவர் அல்லோம். ஆதலின் அடுத்த வீட்டுக்காரரைப் பழிப்பதை இன்றோடு விடுவோமாக.

இனி, பகையை அடையாளம் காணுதல் வேண்டும். எல்லாக் கரப்பானும் ஒன்றெனக் கருதி ஒரே மருந்தை ஒரே இடத்தில் இடுவது வீண் செலவு. நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவன இரண்டு வகை.

பெரியது செம்பழுப்பு நிறமுடையது. ஒன்றரை அங்குல நீளம் வளரும். தலைக்குப் பின்னுள்ள கவசத்தின் ஓரத்தில் மஞ்சள் வரம்பு தெரியும். இது சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கழிப்பறை, விறகு அடுக்கிய மூலை ஆகிய ஈரமான இடங்களில் வாழ்ந்து, இரவில் குழாய் வழியே வீட்டினுள் ஏறிவரும். சிறியது வெளிர் பழுப்பு நிறமுடையது. அரை அங்குலத்தைச் சற்றே கடக்கும். தலைக்குப் பின்னே இரண்டு கருங்கோடுகள் நெடுக்காக ஓடும். இதுவே ஜெர்மன் கரப்பான். இது வெளியிலிருந்து நாள்தோறும் வருவதன்று. வீட்டினுள்ளேயே குடியிருந்து பெருகுவது. குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார்ப் புறம், அடுப்பு மேடையின் அடிப்புறம், மர அலமாரியின் கீல் இடுக்கு ஆகிய வெதுவெதுப்பான இடங்களே இதற்கு உகந்தவை. மலைக் குளிரில் கரப்பான் வாழாது என்று எண்ணியிருப்போர் இதனைக் கருத வேண்டும். வெளியே பனி கொட்டினும், அடுப்பின் அருகே அதற்கு எப்போதும் வெயில் காலமே.

பெருகும் வகையிலும் இரண்டும் வேறுபடும். பெரிய கரப்பான் பதினான்கு முதல் பதினாறு முட்டைகள் கொண்ட கூட்டை ஓர் இடுக்கில் ஒட்டிவிட்டுச் செல்லும். அக்கூடு சிறு காராமணி விதை போலக் கருஞ்சிவப்பாக இருக்கும். சிறிய கரப்பானோ முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட கூட்டைப் பொரியும் வரை தன் உடலின் பின்புறத்திலேயே சுமந்து திரியும். அதன் குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் முதிர்ந்து தாமும் பெருகத் தொடங்கும். எனவே பத்துச் சிறு கரப்பான்களைக் கண்டவுடன் செயற்படுவது அறிவுடைமை. தீபாவளிச் சுத்தம் வரட்டும் என்று காத்திருப்பது பேதைமை.

பூச்சியைக் காணாத போதும் அதன் தடயத்தைக் காணலாம். அலமாரி மூலையில் தேயிலைத் தூளோ மிளகுப் பொடியோ சிந்தியது போல் கருந்துகள் கிடந்தால், அது சிறு கரப்பானின் எச்சம். உதிர்த்த சட்டைகள், வெற்று முட்டைக் கூடுகள், மூடிய அலமாரியைத் திறந்தவுடன் வீசும் ஒருவித முடைநாற்றம் ஆகியவை பிற தடயங்கள். ஐயம் தீர வேண்டுமாயின், விளக்கணைத்து இரண்டு மணி நேரம் சென்றபின் கைவிளக்குடன் சமையலறைக்குள் செல்க. அவை எத்திசையில் ஓடி எவ்விடுக்கில் புகுகின்றன என்பதைக் குறித்துக் கொள்க. அவ்விடுக்கே அவற்றின் ஊர். கடைகளில் கிடைக்கும் பசை அட்டையைச் சுவரோரமாக நான்கைந்து இடங்களில் இரவு வைத்து, எதில் மிகுதியாக ஒட்டியுள்ளன என்று காலையில் எண்ணிப் பார்த்தாலும் இடம் தெரிந்துவிடும். பகலிலேயே அவை உலாவினால், மறைவிடங்களில் இடம் போதாத அளவுக்குப் பெருகிவிட்டன என்பது பொருள்.

இவற்றால் விளையும் கேடு யாது? கழிவுநீரில் நடந்த கால்களோடு நம் உணவுத் தட்டில் நடப்பதால், வயிற்றுப்போக்கையும் உணவு நஞ்சாதலையும் உண்டாக்கும் கிருமிகளை அவை சுமந்து வருகின்றன. இது பலரும் அறிந்தது. பலர் அறியாதது ஒன்று உண்டு. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் பொடியாகிக் காற்றில் கலந்து, சிலருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, இழுப்பு நோயைத் தூண்டுகின்றன. அமெரிக்காவின் எட்டு நகர்ப் பகுதிகளில் இழுப்பு நோயுற்ற 476 குழந்தைகளை ஆராய்ந்து 1997 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கரப்பான் ஒவ்வாமை உடையவராய், படுக்கையறையில் அதன் துகள் மிகுதியாக உள்ள வீட்டில் வாழ்ந்த குழந்தைகள், ஏனைய குழந்தைகளைவிட மும்மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட நேர்ந்தது என்று அது கண்டது. மலையில் குளிரால் இழுப்பு வருகிறது என்று நாம் தேற்றிக்கொள்ளும் வீடுகளில், அலமாரியின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்தல் நலம்.

அடுத்து, அவை நம்மிடம் வரும் வழி. நம் வாழ்வு எல்லை தாண்டிய வாழ்வு. கம்பத்திலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் காய்கறி வருகிறது. நாமக்கல்லிலிருந்து முட்டை வருகிறது. பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பும்போது மூட்டை முடிச்சுகள் வருகின்றன. அட்டைப்பெட்டியின் மடிப்பிலும் முட்டை அட்டையின் குழிவிலும் சாக்கின் தையலிலும் கரப்பான் குடும்பத்தோடு பயணம் செய்கிறது. பொருளை வாசலிலேயே எடுத்துவிட்டு, பெட்டியையும் அட்டையையும் வீட்டினுள் கொண்டுவராதிருத்தல் செலவில்லாத முதற்காப்பு. பழைய குளிர்சாதனப் பெட்டியையோ அலமாரியையோ விலைக்கு வாங்குவோர் அதன் பின்புறத்தைத் திறந்து பார்த்தே உள்ளே கொண்டுவருக.

வீட்டினுள் செய்ய வேண்டுவன மூன்று: உணவை மறுத்தல், நீரை மறுத்தல், இடத்தை மறுத்தல். உணவை மறுப்பது யாவரும் அறிந்ததே. இரவில் எச்சில் பாத்திரம் கிடத்தலாகாது. மாவும் சர்க்கரையும் இறுக மூடிய டப்பாவில் இருத்தல் வேண்டும். அடுப்பின் அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை வாரம் ஒருமுறையேனும் துடைத்தல் வேண்டும். நீரை மறுப்பது அதனினும் முக்கியம். தண்ணீர் மட்டும் கிடைத்தால் சிறு கரப்பான் உணவின்றி ஒரு மாதம் வாழும். உணவும் நீரும் இரண்டும் இல்லையேல் இரண்டு வாரம் தாங்குவதே அரிது. சொட்டும் குழாய், ஈரத் துணி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர், தொட்டியில் ஊறும் பாத்திரம் இவையே அதன் ஊருணிகள். படுக்கும் முன் இவற்றை வற்றச் செய்க. மூன்றாவது, இடம். சுவர் வெடிப்பையும் குழாய் சுவரில் நுழையும் துளையையும் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும்; கழிவுநீர் வாயில் நெருக்கமான சல்லடை பொருத்த வேண்டும். மலைமீது மழை மாதங்களில் எதுவும் காய்வதில்லை என்பதை அறிவோம். அக்காலத்தில் பழைய செய்தித்தாள் அடுக்கையும் ஈரச் சாக்கையும் வீட்டினின்று நீக்குவது இரட்டிப்பு அவசியமாகும்.

இனி நஞ்சைப் பற்றி. இப்பகுதியில் உயிருக்கு ஆபத்து கரப்பானைவிட இதனால்தான் வரக்கூடும் என்பதால், நாம் மிகுந்த அழுத்தத்தோடு சொல்ல விரும்புவது இதுவே. ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் முதலமடை மாந்தோப்புகளிலும் வேலை செய்வோர் கைக்குப் பூச்சிமருந்து எளிதில் எட்டுகிறது. மிஞ்சிய மருந்தைச் சிறு சீசாவில் ஊற்றி வந்து சமையலறை மூலையில் தெளித்தால் கரப்பான் ஒழியும் என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணத்தை வேரோடு களைய வேண்டும். திறந்தவெளிப் பயிருக்கென அளவிட்டுச் செய்த மருந்து, காற்றோட்டமில்லாத சிற்றறையில் குழந்தை தவழும் தரையில் படிந்து கிடக்கத் தக்கதன்று.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1958 இல் இதே கேரளத்தில், கப்பலில் உணவுச் சரக்கோடு ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பயிர் மருந்து கோதுமை மாவில் கலந்து, அம்மாவில் செய்த பண்டங்களை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தின் பின் எழுந்த விசாரணையின் வழியே 1968 இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் பற்றியும் நீங்கள் அறிவீர்கள். அதனை நாடு முழுவதும் தடுத்து உச்சநீதிமன்றம் 2011 மே 13 அன்று ஆணையிட்டது. உணவும் நஞ்சும் ஓரிடத்தில் இருத்தலாகாது என்பதே 1958 நமக்குக் கற்பித்த பாடம். தண்ணீர்ச் சீசாவிலோ குளிர்பானச் சீசாவிலோ மருந்தை ஊற்றி வைத்தல் ஒருபோதும் கூடாது. மருந்துப் புட்டியின் மேல் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதில் சிவப்பு கடும் நஞ்சு, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் அதனினும் குறைந்தது, பச்சை யாவற்றினும் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறம் அறிவர். சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசற்படி தாண்டலாகாது. எவரேனும் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108 ஊர்தியை அழைத்து, புட்டியையும் கையோடு மருத்துவரிடம் கொண்டு செல்க.

வீட்டுக்கென விற்கப்படுவனவும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. கோடு கிழிக்கும் மருந்துக் கட்டியைப் பள்ளிப் பிள்ளைகள் சாக்குக்கட்டி என்றே எடுப்பர். பாச்சை உருண்டை என்று நாம் வழங்கும் வெண்ணிற உருண்டை, பெயருக்கு ஏற்பக் கரப்பானை ஒழிப்பதில்லை. ஆனால் மிட்டாய் போல் தோன்றி மழலைகளை ஏமாற்றும். பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகைக் குறையுடைய குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். பீச்சும் மருந்தை எரியும் அடுப்பருகே அடித்தால் தீப்பற்றும். மேலும் அது கண்ணில் பட்டவற்றைக் கொன்று, ஏனையவற்றைப் பக்கத்து அறைக்குத் துரத்துமேயன்றிக் குடியை அழிப்பதில்லை.

அவ்வாறாயின் எதனைக் கையாள்வது? போரிக் அமிலப் பொடியை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான மென்படலமாக, கைக்கு எட்டாத உலர்ந்த இடுக்குகளில் தூவலாம். குவித்து வைத்தால் கரப்பான் சுற்றிச் செல்லும். மெல்லியதாய் இருந்தால் அதன் மேல் நடந்து, காலையும் உணர்கொம்பையும் வாயால் தூய்மை செய்யும்போது விழுங்கி, சில நாளில் மடியும். சர்க்கரையும் மாவும் கலந்து உருண்டையாக்கித் திறந்த இடத்தில் வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் ஆகாது. ஊசிக்குழலில் அடைத்து விற்கும் பசை மருந்து அதனினும் பயனுடையது. கடுகளவுப் புள்ளிகளாக, கரப்பான் ஒளியும் இடுக்கின் வாயிலிலேயே பல இடங்களில் வைக்க வேண்டும். தின்ற கரப்பான் தன் மறைவிடம் சென்று மடியும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் மடியும். பசை வைத்த இடத்தில் பீச்சு மருந்து அடித்தால், கரப்பான் அங்கு வராமலே போய்விடும். எதிரே ஓடுவதை உடனே கொல்ல வேண்டுமெனில், கெட்டியான சோப்பு நீரே போதும். கரப்பான் உடலின் பக்கத் துளைகளால் மூச்சு விடுவது. சோப்பு நீர் அத்துளைகளை அடைத்துவிடும்.

ஒரே மருந்தை ஆண்டுதோறும் நம்பியிருத்தலும் கூடாது. குளோர்டேன் என்னும் மருந்துக்கு அடங்காத சிறு கரப்பான்களை அமெரிக்காவின் டெக்சாஸில் 1952 இலேயே கண்டனர். இனிப்புப் பசையைத் தின்று மடிந்தவை போக, இனிப்பையே வெறுக்கும் கரப்பான்கள் தோன்றிவிட்டதை 1993 இல் கண்டறிந்தனர். ஆதலின் பசை மருந்தை வாங்கும்போது அதிலுள்ள நஞ்சின் பெயரைப் பார்த்து, சில மாதத்திற்கு ஒருமுறை பெயர் வேறுபட்டதை வாங்குக.

இத்தனையும் ஒரு வீடு தனியே செய்தால் போதுமா? போதாது. மலைத் தோட்டத்து லயத்தைப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே நெடுஞ்சுவர், வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரை முட்டாத இடங்களும் உண்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே சாக்கடை. ஒலவக்கோடு போன்ற இரயில்வே குடியிருப்புகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் மேல்வீட்டுக் குழாயே கீழ்வீட்டுக் குழாய். நமக்கு அவை பத்து வீடுகள். கரப்பானுக்கோ அது ஒரே வீடு. ஒரு வீட்டார் மருந்திட்டால் அது அடுத்த வீட்டுக்கு விருந்து செல்லும்; ஒரு மாதம் கழித்து மறுவிருந்துக்குத் திரும்பி வரும்.

ஆதலின் நாம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். அன்று வரிசையிலுள்ள எல்லா வீட்டாரும் ஒருசேர அலமாரிகளை நகர்த்தித் துடையுங்கள். பொதுச் சாக்கடையைத் தூர்வாருங்கள். இரவில் எல்லா வீட்டிலும் பசை மருந்து வையுங்கள். முட்டைக் கூட்டினுள் மருந்து புகாது என்பதால், மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக மூன்று மாதம் இதனைத் தொடருங்கள். பணம் இல்லாத வீட்டுக்கு மருந்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். கூரை, சுவர், சாக்கடை ஆகியவற்றின் பழுதை எழுதி, வரிசையார் அனைவரும் கையொப்பமிட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். தோட்டத் தொழிலாளர்க்கு வீடு தருவதை 1951 ஆம் ஆண்டுச் சட்டமே முதலாளியின் கடமையாக்கியது; ஒழுகும் கூரையும் உடைந்த சாக்கடையும் உள்ள வீட்டைத் தூய்மையாக வைக்கவில்லை என்று பெண்களைக் குறை கூறுவது நேர்மையன்று.

இவை யாவற்றிற்கும் முன் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு. நாளைக் காலை பொதுக் குழாயடியில் சந்திக்கும்போது, “எங்கள் வீட்டில் கரப்பான் இருக்கிறது; உங்கள் வீட்டில் எப்படி?” என்று ஒருவர் முதலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும், “எங்கள் வீட்டிலுந்தான்” என்ற விடையே வரும். அந்த விடையிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.